மிதுனாவை நான் அனுப்பிவைத்த சனிக்கிழமை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
நவம்பர் 23, ஞாயிறு

அன்பு மகள் லினெட்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி அனாயிஸும் அந்த லியோன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் என் மனசு அடங்கும். தினமும் போனில் பேசுகிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன மாதம் நீ போனில், "வீட்டுக்குப் போலீஸ் வந்துச்சாமே, என்னாச்சும்மா" என்று கேட்டாய். நான் "ஒண்ணுமில்லடி, பக்கத்து வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டேன். அது பொய். எதிர்வீட்டு வசந்தாதான் உன் காதில் போட்டிருப்பாள், அவளைத் திட்டாதே, அவள் சொன்னது உண்மைதான். போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ பதறுவாய், நடுவில் குழந்தை கூப்பிடும், பாதியில் நிற்கும். அப்பா பூசைக்குப் போய்வந்து சாப்பிட்டுப் படுத்திருக்கிறார். அதனால் உட்கார்ந்து முழுவதும் எழுதிவிடுகிறேன்.

நீ போன பிறகு நம் வீட்டு கிளாஸில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அப்பா மாடியில் கிட்டார், நான் கீழே முன்னறையில் கீபோர்டு, அது மாறவில்லை. எல்லாம் ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில் இருக்கிற புதுசுகள். கிட்டார் பிடித்த முதல் வாரம் விரல் நுனி எரிகிறது என்று அழும், கீபோர்டு என்றால் ஒரே விரலால் குத்தும். பெற்றவர்களுக்கோ இரண்டு மாதத்தில் சினிமாப் பாட்டு வாசித்து வீடியோ போட வேண்டும். சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி தோ ரே மி என்று நான் ஆரம்பித்தால், இது எப்ப முடியும் மிஸ் என்று வாசலிலேயே கேட்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் மிதுனா என்று ஒரு பெண், எட்டு வயது, மே மாத லீவில் சேர்ந்தாள். தப்பு வந்துவிடுமோ என்று விரலைக் கட்டைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். அழுத்தும்மா, தப்பு வந்தா வரட்டும், உன்ன யாரும் அடிக்கமாட்டாங்க என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ. அவள் அம்மா பெயர் மாலா. வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், இப்போது இங்கே சாரம் பக்கம் அண்ணன் வீட்டோடு இருந்துகொண்டு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். சேர்க்க வந்த அன்றே சொன்னாள், "மிஸ், கூப்பிட நான் வருவேன், இல்லன்னா எங்க அண்ணன் தணிகாசலம் வருவாரு. வேற யாரு வந்தாலும் அனுப்பாதீங்க." நானும் தலையை ஆட்டினேன். எல்லா அம்மாவும் சொல்கிறதுதானே என்று நினைத்துவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நோட்டில் எழுதி வைத்திருக்கலாம், இரண்டையும் செய்யவில்லை. இந்த ஒரு மாதமாக வேறு எதையும் நான் நினைப்பதில்லை.

அக்டோபர் இருபத்தைந்து, சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. காலாப்பட்டில் ஒரு புரொபசர் ஊர் மாறிப் போகிறார், பழைய கீபோர்டைக் கொடுக்கிறார் என்று அப்பா மத்தியானமே கிளம்பிப் போய்விட்டார். அதனால் கிட்டார் பிள்ளைகளும் என்னிடம்தான். நான்கு மணிக்கு ஒன்பது பேர் முன்னறையில். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கீபோர்டு சத்தம் வராததால் எல்லாரையும் தரையில் உட்காரவைத்து கை தட்டித் தாளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒன்பது பேரும் ஒன்பது தாளம். நாலரை மணி இருக்கும், வாசலில் ஒரு ஆள். முப்பத்தைந்து வயது, சட்டை நனைந்திருந்தது, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே காலடி வைக்காமல் நின்றார். "நான் மிதுனா அப்பா மிஸ், கோபிநாத். பாப்பாவ கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மிதுனா "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிள்ளை அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. அந்த மனுஷன் குனிந்து அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்கு எப்படி மாலா சொன்னது ஞாபகம் வரும், நீயே சொல். நானே அவள் பையை மாட்டிவிட்டேன். என் குடையைக்கூடக் கொடுத்தேன் லினெட். போகும்போது, "சென்னையில நல்லா கத்துக் குடுக்கிற எடம் ஏதாவது தெரியுமா மிஸ்" என்று கேட்டார். யாரிடமாவது கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்தேகாலுக்கு மாலா வந்தாள். மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். "மிதுனா எங்க மிஸ்?" என்றாள். அவங்க அப்பா வந்தாரேம்மா என்று சொன்னேன். அவள் கத்தவில்லை. ஸ்கூட்டி சாவி கையிலிருந்து விழுந்தது, ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. பிரிந்து ஒன்றரை வருஷம், கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. போன வருஷம் இதே மாதிரி ஸ்கூல் வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நாள் திருப்பூரில் வைத்திருந்தாராம், குழந்தை எங்கே என்றே சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு நாள் கோர்ட் கட்டடத்திலேயே பார்க்கலாம் என்று உத்தரவு. அதற்கும் இவர் மூன்று மாதமாக வரவில்லையாம். "உங்கள நம்பித்தான மிஸ் விட்டேன். ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோபிநாத் போன் ஸ்விட்ச் ஆஃப். தணிகாசலம் ஸ்டேஷனுக்கு ஓடினார். எனக்கு அப்போதுதான் சென்னை என்று அவர் கேட்டது உறைத்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் காலாப்பட்டு மெயின் ரோட்டில் கீபோர்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போகிற எந்த பஸ்ஸும் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தானே போக வேண்டும். நான் அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை, புரிந்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை, "வைடி போன" என்று வைத்துவிட்டார். முதலில் வந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்து இறங்கினார். இரண்டாவது பஸ்ஸில் நடுவில், ஜன்னல் ஓரம், மிதுனா. கண்டக்டர் "பெருசு, ஏறுறியா எறங்குறியா" என்று சத்தம் போட்டிருக்கிறார். அப்பா ஏறிவிட்டார். அங்கிருந்து எனக்கு போன் செய்து, "இருக்கா, நல்லா இருக்கா, பஸ்ஸுலதான் இருக்கேன்" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை, சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. தணிகாசலம் தெரிந்தவர் காரில் ஒரு போலீஸ்காரரை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனார். இன்னொரு போலீஸ்காரர் நம் வீட்டுக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார், வசந்தா பார்த்தது அதைத்தான். மாலாவும் நானும் அதே அறையில். டீ போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. என் மனசில் ஓடிய எண்ணங்களை உன்னிடம் சொல்லவே பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை, ஓடுகிற பஸ்ஸில் இளவயசுக்காரனோடு தகராறு என்றால் என்ன ஆகும். அந்த ஆள் பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் குதித்தால் என்ன ஆகும். ஜெபம் சொல்ல வாயைத் திறந்தால் அருள் நிறைந்த மரியேக்கு மேல் வார்த்தை வரவில்லை. மாலா ஒரு தடவை என்னைப் பார்த்து, "அவர பார்த்ததும் சிரிச்சாளா மிஸ்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் நடந்ததை அப்பா வந்து சொல்லித்தான் தெரியும். சண்டை எதுவும் நடக்கவில்லை. அப்பா அவர்களுக்கு எதிர் சீட்டில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோபிநாத்துக்கு அவர் யாரென்று தெரியாது. மிதுனாவுக்குத் தெரியுமே, "லூர்து சார்!" என்று எழுந்து நின்றுவிட்டாள். அந்த ஆளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "யார் சார் நீங்க, எம்பொண்ணு இவ, நான் எங்க வேணா கூட்டிட்டுப் போவேன்" என்றாராம். அப்பா, "உங்க பொண்ணுதான் தம்பி, நான் இல்லன்னு சொல்லலியே. நானும் சென்னைக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன், சேர்ந்தே போவோம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். உன் அப்பாவுக்கு அதற்குமேல் பேசத் தெரியாது, உனக்கே தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மிதுனாதான், "சார், அம்மா பஸ் ஏறிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா பின்னாடி பஸ்ஸில் வருகிறாள் என்று கோபிநாத் அவளிடம் சொல்லி அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்பா கோபிநாத்தைப் பார்த்தார். அந்த ஆள் ஜன்னலைப் பார்த்தார். பிள்ளை விடவில்லை, "அம்மாவுக்கு வழி தெரியுமாப்பா, அம்மாகிட்ட குடை இல்லியே" என்று கேட்டுக்கொண்டே வந்தாளாம். மரக்காணத்தில் பஸ் நின்றதும் கோபிநாத்தே எழுந்து, "எறங்கலாம் சார்" என்றார். டீக்கடையில் கேட்டு வாங்கின போனிலிருந்து அவரே மாலாவின் நம்பரைப் போட்டு அப்பா கையில் கொடுத்தார், தான் பேசவில்லை. தணிகாசலம் காரில் போய்ச் சேருகிற வரைக்கும் மூவரும் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். தணிகாசலம் இறங்கியதும் கோபிநாத் சட்டையைப் பிடித்துவிட்டார், அப்பாவும் போலீஸ்காரரும் சேர்ந்துதான் விலக்கினார்கள். ஏழரை மணிக்குக் குழந்தை நம் வாசலில் இறங்கினாள். மாலா அவளை வாரி எடுத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

குழந்தை வந்துவிட்டாள் அல்லவா, அதோடு முடிந்தது என்று நீ நினைக்கலாம். எனக்குத்தான் முடியவில்லை. அடுத்த வாரம் ஐந்து பிள்ளைகள் வரவில்லை. ஒருத்தி அம்மா நேரிலேயே, "இல்ல மிஸ், உங்க மேல தப்பு சொல்லல, பயமா இருக்கு" என்று சொல்லி நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். நான் அப்பாவிடம் கிளாஸை மூடிவிடலாம் என்றேன். பிள்ளைகள் வாசிக்கும்போது என் காது வாசலில்தான் இருந்தது, யார் தப்பு வாசிக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை, அப்படி ஒரு டீச்சர் எதற்கு. அப்பா மூட வேண்டாம் என்று சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. இப்போது ஒரு பெரிய நோட்டு போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் யார் கூப்பிட வரலாம் என்று போட்டோவோடு, கையெழுத்தோடு ஒட்டி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டியது.

அதற்குள் மாலாவின் வக்கீல் விஜயராகவன் வந்தார். நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். கோர்ட் படியை நான் மிதித்ததே இல்லை. அவர் மெதுவாகத்தான் சொன்னார், "கொழந்தைய இழுத்துட்டுப் போனாருன்னு சொல்லிடுங்கம்மா. நீங்க தடுத்தீங்க, அவரு தள்ளிட்டாருன்னு சொன்னா உங்களுக்கும் நல்லது, மாலாவுக்கும் நல்லது." நான்கு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அப்படிச் சொன்னால் என் மேல் இருக்கிற பழி போய்விடும், மாலா முகத்தில் விழிக்கலாம், விட்டுப் போன பிள்ளைகள்கூடத் திரும்பி வருவார்கள். ஆசை இருந்தது லினெட், உன்னிடம் மறைப்பானேன். அப்பாவிடம் கேட்டால், "நீ பார்த்தத நீதான் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார். பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை போனோம். நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். கோபிநாத் வந்து கேட்டார், குழந்தை ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள், மாலா சொல்லியிருந்ததை நான் மறந்துவிட்டேன், நானேதான் பையை மாட்டி அனுப்பினேன் என்றேன். ஜட்ஜ் ஒரு அம்மா. "கொழந்தை அழுதாளா?" என்று கேட்டார். இல்லைங்கம்மா, சிரிச்சா என்றேன். பஸ்ஸில் மிதுனா அம்மாவைப் பற்றிக் கேட்டதை அப்பா சொன்னார். கோபிநாத் எழுந்து நின்று, "பொய் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன், தப்புதான்" என்றார். மாலா தலையைத் தூக்கவில்லை. வெளியே வந்ததும் தணிகாசலம் என்னைப் பார்த்து, "நல்லா செஞ்சீங்க மிஸ்" என்றார், அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வருகிற வரைக்கும் அழுதேன்.

குழந்தை அம்மாவோடுதான் இருக்க வேண்டும், பாண்டியை விட்டு கோபிநாத் அழைத்துக்கொண்டு போகக் கூடாது, வாரம் ஒரு மணி நேரம் வேறு ஒருவர் இருக்கிற இடத்தில் பார்க்கலாம், இடத்தை இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள் என்று உத்தரவு. நாலு நாள் கழித்து மாலா வந்தாள். அந்த சனிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் நம் வீட்டுக்குள் கால் வைத்தாள். நின்றுகொண்டே பேசினாள். "அவரு வீட்டுக்கு வரக்கூடாதுன்னு அண்ணன் சொல்றாரு. அவுங்க வீட்டுக்கு நான் அனுப்பமாட்டேன். பாப்பாகிட்ட கேட்டோம் மிஸ். மிஸ் வீட்டுல வெச்சிக்கலாம், கீபோர்டு கிளாஸ்லன்னு சொல்லுது." முடியாது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மறுபடி ஏதாவது நடந்தால் நான் உயிரோடு இருக்கமாட்டேன் மாலா என்றேன். அதற்கு அவள், "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க எனக்காவும் பொய் சொல்லல, அவருக்காவும் சொல்லல. வேற யார நான் நம்புறது" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் கடைக்குப் போய் கேட்டுக்கு ஒரு பெரிய பூட்டு வாங்கி வந்தேன்.

நேற்றுதான் முதல் முறை. மூன்றரைக்கே மாலா குழந்தையை விட்டுவிட்டுத் தெருக்கோடியில் வசந்தா வீட்டுக்காரர் வைத்திருக்கிற ஜெராக்ஸ் கடையில் போய் நின்றுகொண்டாள். சரியாக நான்கு மணிக்கு கோபிநாத் வந்தார். சென்னையிலிருந்து காலை பஸ் பிடித்து வந்திருக்கிறார், மடக்கி வைத்த என் குடை கையில். அப்பா அவருக்கு முன்னறையில், கேட்டுக்குப் பக்கத்து ஜன்னல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் அவர் முன்னாலேயே போய் கேட்டைப் பூட்டினேன். சாவியைப் புடவை முந்தானையில் முடிந்தேன். ஒரு மனுஷனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது எவ்வளவு கேவலம் என்று என் கை சொல்லியது, ஆனாலும் பூட்டினேன். மிதுனா கீபோர்டில் உட்கார்ந்தாள். ஐந்தே ஐந்து சுரம், வலது கை மட்டும். நடுவில் ஒன்று தப்பாக விழுந்தது. நிறுத்தவில்லை, அழுத்திக்கொண்டே போய் முடித்தாள். கோபிநாத் எப்போது கை தட்டுவது என்று தெரியாமல் பாட்டு முடிவதற்கு முன்னாலேயே தட்டிவிட்டார், பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நான் மட்டும் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். எழுந்து தன் நாற்காலியை ஜன்னல் பக்கத்திலிருந்து தூக்கி, அறையின் கடைசியில், வாசலுக்கு ரொம்ப தூரத்தில், சுவரோரமாகப் போட்டுக்கொண்டு எனக்கும் வாசலுக்கும் முதுகு காட்டி, மிதுனா பக்கம் பார்த்து உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமையும் பூட்டத்தான் போகிறேன்.

அனாயிஸை ஸ்கூலிலிருந்து யார் யார் கூப்பிடலாம் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாயா, இல்லையென்றால் நாளைக்கே எழுதிக் கொடு, கொடுத்த பிறகு எனக்கு ஒரு மெசேஜ் போடு. அப்பாவிடம் பஸ்ஸைப் பற்றிக் கேட்காதே, கூச்சப்படுவார், சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. மாதா உன் வீட்டையும் உன் குழந்தையையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் மூவர் நெற்றியிலும் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா ஆரோக்கியம்